உயிரோடு இருக்கிறார், கையெழுத்து போட முடியாது... குடும்பம் என்ன செய்யும்? சட்டத்தில் இருக்கும் ஓட்டை!

குடும்பத்தில் ஒருவர் விபத்தாலோ பக்கவாதத்தாலோ கோமாவுக்குப் போகிறார். ஐசியூ பில் தினமும் ஏறுகிறது. பணம் இல்லாமல் இல்லை. சேமிப்புக் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், மனை என எல்லாம் இருக்கிறது. எல்லாமே அவர் பெயரில். 'நான் மனைவிதானே, நான் எடுக்கக் கூடாதா?' என்று வங்கியில் கேட்டால், 'சார் கையெழுத்து வேணும் மேடம்' என்ற பதில்தான் வரும்.

வங்கி ஊழியர் மேல் தப்பு இல்லை. 18 வயது நிரம்பியவரின் சொத்தில், உறவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் கை வைக்க முடியாது. சட்டப்படி 'பாதுகாவலர்', அதாவது கார்டியன் ஆக வேண்டும். அதற்கு எங்கே போவது? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சட்டம் இந்தியாவில் இல்லை என்பதுதான் சிக்கலே.

நாமினி, உயில், பவர்... எதுவும் உதவாதா?

பலரும் 'அதான் நாமினி போட்டிருக்கோமே' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். நாமினியும் உயிலும் ஒருவர் இறந்த பிறகுதான் வேலை செய்யும். உயிரோடு இருப்பவருக்கு வாரிசுச் சான்றிதழும் கிடைக்காது.

பவர் பத்திரம்? இங்கேதான் பலருக்கும் அதிர்ச்சி. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் மனநலம் குன்றினால், கொடுத்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். எந்த நாளுக்காகப் பவர் எழுதி வைத்தார்களோ, அந்த நாளில்தான் அது செல்லாமல் போகிறது!

இருக்கும் சட்டங்கள் யாருக்கு?

1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டம்: 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்.

1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம்: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். தவறு செய்தால் நீக்கவும் வழி உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பெற்றோரே இப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்: 14-வது பிரிவில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், சம்பந்தப்பட்டவரையும் கலந்துகொண்டே அவர் செயல்பட வேண்டும். மாவட்ட நீதிமன்றம் அல்லது மாநில அரசு குறிப்பிடும் அதிகாரி நியமிக்கலாம்.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்: சிகிச்சை பற்றிப் பேச ஒரு பிரதிநிதியை முன்கூட்டியே குறிப்பிட முடியும். ஆனால், சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிக்கும் வழி 1987-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தது; புதிய சட்டத்தில் அது இல்லை.

இந்தப் பட்டியலில் கோமா நோயாளி எங்கே? எங்குமே இல்லை. முற்றிய மறதிநோயில் தவிக்கும் முதியவரின் குடும்பத்துக்கும் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் குழப்பம்தான்.

நீதிமன்றம் திறந்த கதவு

சட்டம் இல்லாத இடத்தில், அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றங்கள் கை கொடுக்கின்றன. 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறைகளே வகுத்தது: மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், வருவாய்த் துறை அதிகாரி நேரில் விசாரிக்க வேண்டும், பாதுகாவலர் 6 மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும்.

2024-ல் சென்னையில் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவி, கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க அனுமதி கேட்டார். 'சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே டெபாசிட் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் போட்டது.

நல்ல தீர்ப்புதான். ஆனால், மருத்துவமனை வராண்டாவில் நிற்கும் எத்தனை பேரால் வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் வரை போக முடியும்?

எளிதாகவும் வேண்டும், கறாராகவும் வேண்டும்

'குடும்பத்திடமே அதிகாரத்தைக் கொடுத்துட்டா போச்சு' என்று சொல்வதும் ஆபத்து. மறதிநோய் வந்த அப்பாவிடம் கைரேகை வாங்கி வீட்டை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நோய் வந்த உடனே ஒருவரின் எல்லா உரிமையும் போய்விடுவதும் இல்லை. வீட்டை விற்பதன் விளைவு புரியாதவருக்குக்கூட, யாரோடு இருக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியலாம்.

இங்கிலாந்தின் 2005-ம் ஆண்டு, சிங்கப்பூரின் 2008-ம் ஆண்டு மனத்திறன் சட்டங்கள் ஒரு வழி காட்டுகின்றன. நல்ல நினைவோடு இருக்கும்போதே, 'எனக்கு முடியாமல் போனால் இவர்தான் முடிவெடுக்கணும்' என்று எழுதிப் பதிவு செய்யலாம். அந்த அதிகாரம், நினைவு தப்பிய பிறகும் செல்லும்.

இந்தியாவுக்கும் அப்படி ஒரு சட்டம் தேவை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் உள்ளூர்க் குழு ஏற்கெனவே மாவட்ட அளவில் இருக்கிறது. கோமா, மறதிநோய் குடும்பங்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவரலாம். கூடவே மருத்துவப் பரிசோதனை, ஆண்டுக் கணக்கு, சொத்து விற்க முன் அனுமதி ஆகியவை கட்டாயம் ஆக வேண்டும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* அப்பா, அம்மாவின் சேமிப்புக் கணக்கை 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில் கூட்டுக் கணக்காக மாற்றலாம். நம்பிக்கையான ஆளாக இருப்பது முக்கியம்.

* நினைவு இருந்தும் கையெழுத்து போட முடியாதவர்கள், சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

* மனநலச் சிகிச்சைக்கான பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழிக் கையெழுத்திட்டே குறிப்பிடலாம்.

* மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 வயது ஆகிறதா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

'இதெல்லாம் இப்ப எதுக்கு, அபசகுனமா பேசாத' என்று வீட்டில் சொல்லலாம். ஆனாலும் பேசுங்கள். கையெழுத்து போட முடிகிற நாளில் செய்தால்தான் இவற்றில் பலவும் செல்லும்.