வரிசை தீர்ப்பளிக்கலாகாது

இலக்கியம் பேசும் பக்கத்தில் நிரல்மொழிக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் நேரும்போது எதைக் கொள்வது என்பது உரையாசிரியர்கள் காலந்தொட்டு நம் கவலையாக இருந்து வருகிறது. நிரல்மொழிகளை வடிவமைப்போருக்கும் அதே கவலை உண்டு. அவர்களுள் ஒரு சாரார் அதை மிக எளிதாக, எம் பார்வையில் மிகப் பிழையாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்வை மறுத்தே இதை எழுதுகிறோம்.

எங்களுக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து காக்கும் பணியில் இறங்கினோம். அதற்கான நிரலை ரூபி மொழியில் நாங்களே எழுதினோம். ஒரு பக்கத்தின் படத்தைக் குறிக்கும் வகுப்பில் இரண்டு மாட்யூல்களைச் சேர்த்திருந்தோம். ஒன்று காப்பகப் பொருளுக்கானது; மற்றது தற்காலிகக் கோப்புக்கானது. இரண்டிலும் ‘டெலீட்’ என்ற பெயரில் ஒரு மெத்தட் இருந்தது. முன்னதில் அதன் பொருள், பட்டியலிலிருந்து மறைத்துவிட்டுக் கோப்பைப் பத்திரமாக வைத்திரு என்பது. பின்னதில், வன்தட்டிலிருந்தே துடைத்தெறி என்பது.

ரூபியில் தனித்தனி வரிகளில் சேர்க்கப்படும் மாட்யூல்களுள் கடைசியாக வருவதே வெல்லும். காப்பக மாட்யூல் கடைசி வரியில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் எங்களுள் ஒருவர், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அவ்வரிகளை ஆங்கில அகரவரிசைப்படி மாற்றி அடுக்கினார். காப்பக மாட்யூலின் பெயர் ‘ஏ’யில் தொடங்கிற்று, மற்றதன் பெயர் ‘டி’யில். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பிழைச்செய்தியும் வரவில்லை. ஏற்கெனவே பதிவானவை என்று நிரல் சந்தேகிக்கும் பக்கங்களை மறைத்து வைத்து, பிறகு கண்ணால் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அன்றிரவு நிரல் அவற்றை மறைக்கவில்லை, அழித்தது. அவற்றுள் பல உண்மையில் வேறு பக்கங்கள். மூலத்தாள்கள் அதற்கு முன்பே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டிருந்தன. மாற்றுப் படி எடுத்து வைக்காதது எங்கள் குற்றம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் ஒரு சொல்லின் பொருளே தலைகீழாகும் என்பது யார் குற்றம்?

இந்த வழக்கத்தின் பிறப்பைச் சற்று பார்ப்போம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிஸ்ப் எந்திரங்களுக்காக எழுந்த ஃபிளேவர்ஸ் என்னும் அமைப்பில்தான் ‘மிக்ஸின்’ என்ற சொல் நிரலாக்கத்துக்குள் வந்தது. பக்கத்து ஊரான சாமர்வில்லில் ஸ்டீவ்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடையில், வாடிக்கையாளர் கேட்ட பருப்பையும் மிட்டாயையும் ஐஸ்கிரீமில் கலந்து தருவார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. உவமை இனிமையானதுதான். ஆனால் பருப்பும் மிட்டாயும் ஒன்றோடொன்று சண்டையிடுவதில்லை, மெத்தட்கள் சண்டையிடும். எனவே கலப்பவற்றை ஒரு வரிசையில் நிறுத்தி, முன்னிற்பதைக் கேள் என்று விதித்தார்கள். ரூபி இன்றும் அந்த வழியில் நிற்கிறது. பைத்தான் 2003இல் வெளியான 2.3 பதிப்பில் சி3 என்னும் நுட்பமான வரிசை முறையை ஏற்றது. டிலன் மொழிக்காக 1996இல் முன்வைக்கப்பட்ட முறை அது. முரணான வரிசை நேர்ந்தால் அது மறுத்துவிடும். ஆனால் ஒரே பெயர் இரு பொருளில் வந்தால் மறுக்காது. வரிசையில் முந்தியதை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

அதே 2003இல்தான் மாற்றுக் குரலும் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷார்லி, டுகாஸ், நியர்ஸ்ட்ராஸ் ஆகியோரும் அமெரிக்காவிலிருந்து ஆண்ட்ரூ பிளாக்கும் சேர்ந்து ‘ட்ரெய்ட்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். பின்னாளில் பெர்ல் உலகில் ‘ரோல்’ என வழங்குவதும் அடிப்படையில் அந்தக் கருத்தே. ஒரு வகுப்பு பல வேடங்களை ஏற்கலாம்; வேடங்களுக்குள் முன்பின் கிடையாது. இரு வேடங்கள் ஒரே பெயரில் இரு வேறு மெத்தட்களைக் கொண்டுவந்தால் இரண்டுமே செல்லாது. வேடம் ஏற்கும் வகுப்பை எழுதியவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே மூல மெத்தட் இரு வழியாக வந்து சேர்ந்தால் அது மோதலாகாது என்ற நியாயமான விலக்கும் அங்கே உண்டு.

பெர்ல் 6 ஆகத் தொடங்கி, 2015 கிறிஸ்துமஸ் அன்று முதல் நிலையான வெளியீடு கண்டு, 2019இல் ராக்கு எனப் பெயர் மாறிய மொழி இந்த வழியைப் பின்பற்றுகிறது. மோதலை நீ தீர், இந்த மெத்தட் இத்தனை ரோல்களில் இருக்கிறது என்று தொகுக்கும் நேரத்திலேயே நிறுத்திச் சொல்கிறது. பிஎச்பி 2012இல் வந்த 5.4 பதிப்பில், இதற்குப் பதிலாக அது என்று வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. ஜாவா 2014இல் வந்த எட்டாம் பதிப்பில், தொடர்பற்ற இரு இடைமுகங்கள் ஒரே மெத்தட்டுக்குத் தத்தம் உரையைத் தந்தால் கம்பைலர் மறுக்கிறது. இதுவே நேர்மையான வழி என்பது எம் கட்சி.

பலபொருள் ஒருசொல் பற்றித் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பேசுகிறது. வினையால் பொருள் தெளிவாகும் சொற்களை ஒரு புறமும், வினையாலும் தெளிவாகாதவற்றை மறு புறமும் நிறுத்துகிறது. மா பூத்தது என்றால் மரம் என்று தெளிகிறோம். மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா? அத்தகைய இடத்தில், ஒன்றைக் குறித்துச் சொல்பவன் அதைத் தெரிவித்தே சொல்ல வேண்டும் என்பது இலக்கணத்தின் முடிவு. கடைசியாகக் காதில் விழுந்த பொருளைக் கேட்பவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. பொறுப்பு குறித்தவனுடையது.

மறுப்போர் மூன்று வாதங்களை வைக்கிறார்கள். முதலாவது: வரிசை என்பது ஆவணத்தில் எழுதப்பட்ட விதி, படித்தறியாதது நிரலரின் தவறு. விதி எழுதப்பட்டிருப்பதாலேயே நியாயமாகிவிடாது. வரிசை என்பது இடத்தைப் பற்றிய தகவல். பொருளைப் பற்றிய தகவல் அன்று. அதைப் பொருளுக்கு நடுவராக்குவது, வழக்கில் கடைசியாகப் பேசிய வழக்கறிஞர் பக்கமே தீர்ப்பு என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது: சில இடங்களில் அடுக்கு வேண்டும், பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்ததைக் கூப்பிடும் மெத்தட்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே அடுக்குகிறோம்? உண்மை. அங்கே வரிசையே பொருள். ஆனால் ஸ்காலாவைப் பாருங்கள். ஒரே மூலத்தை மேலெழுதுகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்த ட்ரெய்ட்களுக்கு மட்டுமே அங்கு அடுக்கு பேசுகிறது. தொடர்பற்ற இரு மெத்தட்கள் பெயரால் மட்டும் மோதினால் கம்பைலர் மறுத்துவிடுகிறது. அறிவித்துச் செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை.

மூன்றாவது: யாரோ எழுதிய ரோலின் புதிய பதிப்பில் ஒரு மெத்தட் கூடினால், நேற்றுவரை ஓடிய என் நிரல் இன்று நின்றுவிடுமே? நின்றுவிடும். நிற்க வேண்டும். நிற்காமல் ஓடி, வேறு வேலையைச் செய்யும் நிரலை நாங்கள் பார்த்துவிட்டோம்.

எம் கட்சியிலும் ஓட்டைகள் உண்டு, மறைக்கப் போவதில்லை. பெர்ல் 5க்கு 2006இல் வந்த மூஸ், இரண்டு ரோல்களை ஒரே வரியில் சேர்த்தால் மோதலைச் சொல்கிறது. தனித்தனி வரியாக எழுதினால் முதலில் வந்ததையே வகுப்பின் சொந்த மெத்தட்டாகக் கொண்டு இரண்டாவதை ஓசையின்றி விட்டுவிடுகிறது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுப் புறக்கடைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மோதலில் ஒரு மெத்தட்டை விலக்கிவிட்டோம், பிரச்சினை தீர்ந்ததா? எங்கள் நிரலையே எடுத்துக்கொள்வோம். தற்காலிகக் கோப்பின் ‘க்ளோஸ்’ மெத்தட், வேலை முடிந்ததும் தன் ‘டெலீட்’டைக் கூப்பிடுவதாகக் கொள்வோம். காப்பகத்தின் ‘டெலீட்’டை வைத்துக்கொண்டு மற்றதை விலக்கினால், ‘க்ளோஸ்’ இனிக் கூப்பிடுவது காப்பகத்தினுடையதை. கோப்பு துடைக்கப்படாது, வன்தட்டு மெல்ல நிரம்பும். விலக்கியதற்கு மாற்றுப் பெயர் சூட்டினாலும் பயனில்லை. உள்ளிருந்து வரும் அழைப்பு பழைய பெயரையே சொல்லும். டுகாஸ், நியர்ஸ்ட்ராஸ் முதலியோர் 2007இல் இதற்கும் ஒரு விடை தந்தார்கள். வேடம் ஏற்பவர் ஒரு மெத்தட்டை உறையச் செய்யலாம். அப்போது ரோலுக்குள்ளிருந்து வரும் அழைப்பு அந்த ரோலின் சொந்த மெத்தட்டிடமே போகும். பெருவழக்கான மொழிகள் அதை ஏற்கவில்லை என்பது வருத்தமே.

வேறொரு பாதையும் உண்டு. சி ஷார்ப்பில் இரு இடைமுகங்களின் ஒரே பெயருக்குத் தனித்தனி உரை எழுதலாம். ரஸ்டில் இரு ட்ரெய்ட்களின் மெத்தட்களும் தனித்தனியே உயிரோடிருக்கும். அழைப்பு மயங்கினால், எந்த ட்ரெய்ட்டின் மெத்தட் என்று சொல் என்று கம்பைலர் கேட்கும். மோதலைத் தீர்க்க ஒன்றைக் கொன்றாக வேண்டும் என்பதில்லை; எந்த வேடத்தில் பேசுகிறாய் என்று கேட்டாலே போதும்.

ஆக, மொழி வடிவமைப்போரிடம் நாங்கள் கேட்பது மூன்று. பொருள் மயங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை வரியில் எழுதினாலும் ஒரே விதியை வையுங்கள். விலக்கும் உரிமையோடு, உள்ளழைப்பைக் காக்கும் வழியையும் தாருங்கள். இது கூடுதல் வேலை என்பார்கள். ஒரு வரி எழுதும் வேலை. அந்த ஒரு வரி கேட்கப்படாததால் நாங்கள் இழந்த பக்கங்களில் சில, அந்த இதழ்களுக்கு எஞ்சியிருந்த ஒரே படி.