அவர்களாகத்தானே வாங்கினார்கள்?



தை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பல வீட்டுக் கதவுகளில் பூட்டுத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். பானை சட்டி, பாய், கோழிக்கூடை, கைக்குழந்தை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளுக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் கரும்பு வெட்டுக்குப் போகிறார்கள். சூளைக்குப் போனவர்கள் ஆனி, ஆடியில்தான் திரும்புவார்கள். போகும்போது முழுஆண்டுத் தேர்வு பாக்கி. திரும்பும்போது பள்ளி திறந்து பல நாள் ஆகியிருக்கும்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், கேட்டவர்க்கு இல்லையென்னாத நல்ல மனிதர், சற்றுச் சினத்தோடு சொன்னார்: “யாரும் கழுத்தைப் பிடித்துக் கையில் திணிக்கவில்லையே, சார்! அவர்களாகத்தானே முன்பணம் வாங்கினார்கள்? எட்டாவது படிக்கும் பெண்ணை இழுத்துக்கொண்டு போவதும் அவர்களாகத்தானே?”

எனக்கு உடனே விடை வரவில்லை. அவர் குறிப்பிட்ட குடும்பத்தை நான் அறிவேன். மூத்த மகளின் திருமணத்திற்காக மேஸ்திரியிடம் வாங்கிய பணம் அது. அந்தப் பந்தியில் நானும் அமர்ந்தேன். பிரியாணி நன்றாயிருந்தது என்று மனமாரச் சொல்லிவிட்டும் வந்தேன்.

முன்பணம் வாங்கியவன் நிலையைச் சிறிது எண்ணிப்பாருங்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவனும் மனைவியும் ஒரு சோடி. நள்ளிரவிற்கு மேல் எழுந்து மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். வெயில் ஏறியதும் கல்லைப் புரட்டி அடுக்கப் பிள்ளைகளின் கையும் வேண்டும். இல்லாவிடில் கணக்கில் கல் குறையும். வாரந்தோறும் கையில் கிடைப்பது சோற்றுச் செலவுக்கு மட்டுமே. மீதக் கணக்கு பருவத்தின் முடிவில்தான். கழித்தது போக நிற்கும் கடன் அடுத்த தைக்கு அவர்களை மீண்டும் அழைத்துக்கொள்கிறது. முதல் முறை கை நீட்டியது அவன் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். நான்காம் முறையும் அவன் விருப்பந்தானா?

இக்கேள்வி புதிதன்று. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில் இதனை எடுத்துக்கொண்டார். இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் கூலி நேர்மையாகிவிடாது என்பது அவர் போதனை. இதனினும் பெரிய தீங்கு வருமே என்று அஞ்சி ஒரு தொழிலாளி கொடிய நிபந்தனைக்கு இணங்கினால், அவன் வன்முறைக்கு ஆளானவனே என்றார். (2025-இல் திருத்தந்தையானவர் லியோ என்னும் பெயரைத் தேர்ந்ததற்கு இம்மடலையே முதற்காரணமாகக் கூறினார். லியோவைத்தான் நம் பாட்டன்மார் சிங்கராயர் என்று அழைத்தனர்.)

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதே இடத்திற்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-இல் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்பது தீர்ப்பு. கட்டாயம் என்பது தடியால் மட்டுமன்று, பசியாலும் வரும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ, ஆளைக் கட்டிவைக்கும் கடனே செல்லாது என்கிறது. மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவர்தம் சங்கத்தாரும் இருளர் குடும்பங்களுக்காக இவ்வகையில் உழைத்து வந்திருப்பதை இப்பகுதியினர் அறிவர்.

ஆகவே அலுவலர் நண்பர் சொன்னது தவறு என்று முடித்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே அந்தத் தகப்பனைப் போய்ப் பார்த்தேன். “ஆஸ்பத்திரிச் செலவென்றால் வேறு பேச்சு. கலியாணத்திற்கு இவ்வளவு வாங்கலாமா, தம்பி?” என்றேன். அவன் தலைகுனிந்து, “பெண்ணைக் குறை சொல்லிடுவாங்க, சார். சாதி சனம் சாப்பிட்டுட்டுப் போயும் பேசுவாங்க” என்றான். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுள் ஒருவனான நான் மேலே என்ன பேசுவது? எனினும் அவனைக் கருவியாக மட்டும் எண்ணி இரங்குவது அவனுக்குப் பெருமையன்று என்று தோன்றிற்று. வாங்கிய பணத்தை அன்று அவனால் திருப்ப இயலாது. ஆனால் சின்னவளை லாரியில் ஏற்றுவதா என்பது இன்னும் அவன் கையில்தான் இருந்தது. 14 வயது நிறையாத பிள்ளையைப் பிறர் தொழிலில் அமர்த்தலாகாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டமே சொல்கிறது என்பதையும் எடுத்துரைத்தேன்.

தாய்தான் உண்மையான தடையைச் சொன்னாள். “கைப்பிள்ளையை யார் பார்ப்பாங்க, ஐயா? இவ இருந்தாத்தானே நான் மண்ணுல கை வைக்கலாம்?” இதற்குச் சுற்றுமடலிலும் தீர்ப்பிலும் விடை இல்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவிதான், “பெரியவ இங்கே என்கிட்ட இருக்கட்டும். பிள்ளைக்கு அங்கேயே ஒரு தூளி கட்டிக்க. கல் குறைஞ்சா குறையட்டும்” என்றாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறையும் கல்லின் கணக்கை அவர்கள் அறிவார்கள், நான் அறியேன்.

மறுநாள் லாரியில் அவர்கள் சென்றனர். சிறுமி பாட்டியுடன் நின்றுகொண்டாள். அலுவலர் நண்பர் அவளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்ததோடு, அந்தக் கடனில் மீதம் எவ்வளவு என்று மேஸ்திரியைக் கேட்கவும் தொடங்கியிருக்கிறார். இதுவரை நேரான பதில் இல்லை. தேர்வு முடிந்ததும் மகளை அனுப்பிவைக்க வேண்டும் என்று மேஸ்திரி தகப்பனிடம் வற்புறுத்துவதாகக் கேள்வி. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவில் அவள் பெயர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.