காலடியில் கிடக்கும் துப்பாக்கிகள்

போர் நினைவுச்சின்னம் என்றதும் நமக்குத் தூணோ சிலையோதான் கண்முன் வரும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 2018இல் திறக்கப்பட்ட ‘ஃபிராக்மென்டோஸ்’ நினைவிடத்தில் இரண்டும் கிடையாது. இடிந்த பழைய வீடொன்றின் சுவர்களை ஒட்டி எழுப்பிய கூடங்கள், அவற்றில் கருஞ்சாம்பல் நிறத் தரை, அவ்வளவே. இதில் கலை எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அந்தத் தரை உருவான கதையைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

கொலம்பிய அரசும் அதை எதிர்த்துப் போரிட்டுவந்த ஃபார்க் கெரில்லாக்களும் 2016இல் அமைதி உடன்பாடு செய்துகொண்டபோது, ஒப்படைக்கும் ஆயுதங்களை உருக்கி மூன்று நினைவுச்சின்னங்கள் அமைப்பது என்று முடிவானது. பொகோட்டாவுக்கான பொறுப்பு சிற்பி டோரிஸ் சல்செடோவிடம் வந்தது. உருக்கிய உலோகத்தை உயர்த்தி நிறுத்தினால் ஆயுதத்துக்கே பெருமை சேர்த்ததாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதனால் அதைத் தரையாக்கினார்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை வரவழைத்தார். அவர்கள் சுத்தியல் பிடித்து அலுமினியத் தகடுகளை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். தகடுகள் மேடும் பள்ளமுமாக நெளிந்தன. அந்த நெளிவுகளை அப்படியே அச்செடுத்து, 37 டன் ஆயுத உலோகத்தை வார்த்து, ஓடு ஓடாகப் பதித்தார்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வோர் ஓட்டிலும் அந்த அடிகளின் தடம் தெரியும். வருகிறவர்கள் அதன் மேல்தான் நடந்தாக வேண்டும்.

வழக்கமான நினைவிடங்களில் பாதிக்கப்பட்டவர்கள் கல்வெட்டில் பெயராக இருப்பார்கள்; திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே திட்டம் சல்செடோவுடையது, உருவம் கொடுத்த கைகள் அந்தப் பெண்களுடையவை. இந்தப் படைப்பின் பெரிய சாதனை என்று நான் கருதுவது இதைத்தான். போர் நீடித்தது 53 ஆண்டுகள் என்பதால், அடுத்த 53 ஆண்டுகளுக்குப் பிற கலைஞர்களும் இங்கே தங்கள் படைப்புகளை வைக்கலாம் என்பது ஏற்பாடு. கட்டி முடித்ததோடு நினைவுகூரும் வேலை தீர்ந்துவிடவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

ஆனால் இந்தத் தரை அந்தப் பெண்களுக்கு நீதி வாங்கித் தரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. பாலியல் வன்முறைக் குற்றங்களுக்கென்று தனி வழக்கை, அந்த அமைதி உடன்பாட்டின்படி அமைந்த சிறப்பு அமைதி நீதிமன்றம் 2023இல்தான் திறந்தது.