ரெண்டு பக்கம் தமிழில் எழுதுங்க சார்!

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவரிடம் போய், ‘உங்க ஏரியா யுனிவர்சிட்டியில என்ன ஆராய்ச்சி பண்றாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பரீட்சை வைப்பாங்க, சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. அதுக்கு மேல நமக்கென்ன தெரியும்?’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

தப்பு அவர் மேல் இல்லை. யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

நான் சொல்வது, 1990-ல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை. அந்தப் பெயருக்குரியவரை ‘தமிழ்த்தாய் வாழ்த்து எழுதியவர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூர் மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்தவர். திருஞானசம்பந்தரின் காலத்தையும் ஆராய்ந்தார். இவற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், அறிவுத்துறைகளை வகைப்படுத்தும் ‘நூற்றொகை விளக்க’த்தைத் தமிழில் எழுதினார். 1897-ல் இறந்தபோது வயது 42 தான்.

இன்றைக்கு நம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் முதல் கேள்வி, ‘எத்தனை பேப்பர்?’ பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009-ல் யு.ஜி.சி. விதி போட்டது. காசு கட்டினால் எதையும் போடும் இதழ்களுக்குக் கொண்டாட்டம். 2018 மே மாதம் யு.ஜி.சி.யே தன் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களைத் தூக்க வேண்டிவந்தது. 2022-ல் அந்தக் கட்டாயமும் போனது. எண்ணிப் பார்க்கும் புத்தி மட்டும் போகவில்லை.

உண்மையாக உழைக்கிற பேராசிரியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வெளியே நிற்கிற நமக்கு அவர்களுடைய கட்டுரையும் காசு கொடுத்துப் போட்ட கட்டுரையும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அவர்களுக்கு இதைவிட அவமானம் உண்டா?

பணக் கணக்கையும் பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். ஆராய்ச்சி செய்பவர் சம்பளம் நம் வரி. அதைப் படிக்கிற சந்தாவும் நம் வரி. தறிக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் இங்கிலீஷ்.

‘ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே?’ என்பீர்கள். சரி. அத்தனை பக்கத்தையும் எந்தத் தறிக்காரர் படிப்பார்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கும் ஒவ்வொருவரும் ஆய்வேட்டோடு ரெண்டு பக்கம் தமிழில் எழுதித் தரட்டும். என்ன கேள்வி கேட்டேன், எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது, எது இன்னும் தெரியவில்லை – இவ்வளவுதான். அதை அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில் வையுங்கள்.

‘கலைச்சொல் இல்லை சார்’ என்று இழுக்காதீர்கள். லேசர், வைரஸ் என்றே எழுதுங்கள்; எங்களுக்குப் புரியும். ‘அடிப்படை ஆராய்ச்சிக்கு உடனடிப் பயன் இருக்காது’ என்பதும் நிஜம். நான் பயனைக் கேட்கவில்லை, விளக்கத்தைக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் பிஎச்.டி. பண்ணுகிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: ‘என்ன ஆராய்ச்சி பண்றே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.’ முழித்தால் கோபப்படாதீர்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.