குரலும் இளியும் இருக்க இரவற் பெயர் எதற்கு?

தன் தாயை அயலான் இட்ட பெயரால் அழைக்கின்ற மகன் உலகில் எங்கேனும் உண்டா? ஒருவன் உளன், அவன் தமிழன். தாலாட்டைக் கேட்டே அவன் கண் வளர்கின்றான். ஊர்க் கூத்தில் விடியுமளவும் பாட்டும் முழவும் கேட்டுப் பழகுகின்றான். மணத்திற்கும் பிணத்திற்கும் பறை முழங்கக் காண்கின்றான். ஆயினும், இசையை முறையாகக் கற்கப் புகும் முதல் நாளிலேயே, அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் இரவற் பெயரையே நெட்டுருச் செய்கின்றான். அப்பெயர்களினும் பொருட்செறிவிற் சிறிதும் குறையாத பெயர்கள் தன் மொழியிலேயே உள்ளன என்று அவனுக்குச் சொல்வாரும் இல்லை. அவன் கேட்பதும் இல்லை.

இவ்விழிநிலையின் முழு அளவையும் காண வேண்டுவோர் எல்லையோரத்தில் நின்று பார்த்தல் வேண்டும். ஓசூரைப் பாருங்கள். 1970-களில் அங்குச் சிப்காட்டுத் தொழில் வளாகம் தொடங்கப்பெற்றது. சரக்குந்துகளும் இருசக்கர ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. தமிழகத்தின் பல பகுதிகளினின்றும் உழைப்பாளர் அங்குக் குடியேறினர். 2004-இல் தருமபுரியினின்று பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தின் பெரிய தொழில் நகரம் இன்று அதுவே. சூசூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் நிலம் அது. ஆலையில் இரவு பகலாக முறை மாற்றி உழைத்து ஈட்டிய பணத்தில், தம் பிள்ளைக்கு ஒரு கலையேனும் வாய்க்கட்டும் என்று பெற்றோர் மாலை வகுப்புக்கு அனுப்புகின்றனர்.

அப்பிள்ளையின் முன் இரண்டு வாயில்கள் திறக்கின்றன. ஒன்று கீபோர்டு வகுப்பு. அங்கே 'பிட்சு' என்றும் 'இசுகேல்' என்றும் 'ஆக்டேவு' என்றும் 'டெம்போ' என்றும் கற்பிக்கப்படுகின்றது. மற்றொன்று வாய்ப்பாட்டு வகுப்பு. அங்கே 'சுருதி' என்றும் 'சுவரம்' என்றும் 'ஆரோகணம்', 'அவரோகணம்' என்றும் கற்பிக்கப்படுகின்றது. இவ்விரண்டு வாயில்களுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கின்றது. அச்சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டிருப்பது தமிழ்!

ஆலைக்குள் நிற்கும் பொறிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றின் பெயர்களும் அவற்றோடு வந்தன. 'லேத்து' என்று அவன் சொல்வதற்கு ஒரு கரணியமேனும் உண்டு; கடைசல் பொறி என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாத போது வந்த சொல் அது. ஆனால் இசை எந்தக் கப்பலில் வந்து இறங்கியது? பொருளும் நம்முடையது, பெயரும் நம்முடையது, இரண்டும் இருக்க ஒன்றை மறந்து இரவல் கேட்பவனை ஏழை என்பதா? ஏமாளி என்பதா?

அப்பகுதியின் பழவரலாற்றையே சான்றாக அழைப்போம். இற்றைத் தருமபுரியும் அதனைச் சூழ்ந்த நிலமும் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. அவனைப் பாடிய ஔவையின் பாட்டொன்று புறநானூற்றில் தொண்ணூற்றிரண்டாவதாக நிற்கின்றது. குழவியின் மழலை யாழோடு பொருந்துவதும் இல்லை. பொழுதோடு கூடுவதும் இல்லை. ஆயினும் தந்தைக்கு அது இனிக்கும். என் சொல்லும் உனக்கு அத்தகையதே என்கின்றார் அவர். இசையின் தொடக்கப் பாடம் முழுவதும் இதற்குள் அடங்கியிருப்பதைக் காண்க. யாழோடு பொருந்துதல் ஒன்று. அஃது ஒலியின் உயர்வு தாழ்வு. பொழுதோடு கூடுதல் மற்றொன்று, அது தாளம். இவ்விரண்டும் இருந்தால் இசை, இல்லையேல் மழலை. இந்நாளைய இசைத் தொடக்க நூல் எதை எடுத்தாலும் அதன் முதற் பக்கம் இவ்விரண்டையுமே கூறும். அதனைத் தகடூரில் ஒரு பெண்பாற் புலவர் போகிற போக்கில் உவமையாகச் சொல்லிச் சென்றார். அம்மண்ணின் பிள்ளைக்கு இன்று அதனை ஆங்கிலத்தில் சொன்னால்தான் புரியுமாம்!

இனி, பெயர்களைக் காண்போம். இசைக்கு அடிப்படை நரம்புகள் ஏழு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அவற்றின் பெயர்கள். இன்று ச, ரி, க, ம, ப, த, நி என்று பாடப்படும் ஏழிற்கும் இவற்றையே முறையே நிறுத்தி வழங்குகின்றனர் தமிழிசை ஆசிரியர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி இப்பெயர்களையே இடுகின்றாள். மாடு மேய்க்கும் குடியின் முதுமகள் ஒருத்தி, தன் சேரிப் பெண்களை இசை வட்டமாக்கி ஆடவைத்தாள் என்றால், இக்கலை அந்நாளில் யார் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இவை வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையும் பெயரோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளது. தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. இஃது உரையாசிரியர் காட்டும் நெறி. ஆர்மோனியம் ஒன்று இருந்தால் எவரும் இதனைத் தம் கையாலேயே ஆய்ந்து பார்க்கலாம். வெள்ளையும் கறுப்புமாக உள்ள கட்டைகளை ஒன்றும் விடாமல் எண்ணுங்கள். ஒரு கட்டையைத் தாரமென்று கொண்டு, அதனையே ஒன்றென எண்ணி எட்டாம் கட்டையை அழுத்துங்கள், அஃது உழை. அங்கிருந்து எட்டாவது குரல்; அங்கிருந்து எட்டாவது இளி. இவ்வாறு ஆறு முறை சென்றால் ஏழு நரம்பும் வந்து நிற்கும். அவற்றைக் குரல் முதலாக வரிசைப்படுத்தி இசைத்துப் பாருங்கள், செம்பாலை ஒலிக்கும். அதைத்தான் இற்றையோர் அரிகாம்போதி என்கின்றனர்.

நின்ற நரம்பிற்கும் அதன் இளிக்கும் உள்ள அதிர்வு அளவு இரண்டிற்கு மூன்று என்பதை இற்றை இயற்பியலும் ஒப்புகின்றது. கிரேக்கத்துப் பித்தகோரசின் பெயரால் மேலைநாட்டார் சொல்லும் அளவும் இதுவே. ஏழு நரம்புகளின் அலகுகளும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என இருபத்திரண்டாக வகுக்கப்பட்டுள்ளன. சொல்லும் கணக்கும் இவ்வாறு ஒன்றாய் நிற்கும் கல்வியைப் புறந்தள்ளிவிட்டு, பொருளறியாத ஓரெழுத்துகளைப் பிள்ளையின் வாயில் திணிப்பது எவ்வகை அறிவு?

செம்பாலையில் குரல் நின்ற இடத்தை விட்டு, அடுத்தடுத்த நரம்பைக் குரலாகக் கொண்டு பாடினால் வேறு வேறு பாலைகள் பிறக்கும். துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, அது நடபைரவி. உழை குரலாக அரும்பாலை, அது சங்கராபரணம். இளி குரலாகக் கோடிப்பாலை, அது கரகரப்பிரியா. விளரி குரலாக விளரிப்பாலை, அது தோடி. தாரம் குரலாக மேற்செம்பாலை, அது கல்யாணி. கைக்கிளை குரலாக வரும் செவ்வழிப்பாலையோடு சேர்த்துப் பாலை ஏழு. மேலையிசை வகுப்பில் 'மேசர் இசுகேல்' என்று முதன்முதலிற் கற்பிக்கப்படுவது நம் அரும்பாலையே. கீபோர்டு வகுப்புக்குச் செல்லும் ஓசூர்ப் பிள்ளை, தான் நாள்தோறும் வாசிப்பது அரும்பாலை என்று ஒருநாளேனும் அறிவானா?

பிற பெயர்களையும் கேளுங்கள். ஏழு நரம்பும் வருவது பண். ஆறு வருவது பண்ணியம். ஐந்து வருவது திறம். நான்கு வருவது திறத்திறம். சம்பூரணம், சாடவம், ஔடவம் என்று நாக்கைச் சுழற்ற வேண்டுவதில்லை. ஏறுவது ஆரோசை; இறங்குவது அமரோசை. தாழ்ந்த நிலை மெலிவு, நடுநிலை சமன், உயர்ந்த நிலை வலிவு. தாளமின்றிப் பண்ணை விரித்துப் பாடுவது ஆளத்தி. நரம்புகள் தம்முள் கொள்ளும் உறவு இணை, கிளை, நட்பு, பகை என நான்கு. ஒலிகளுக்கிடையே உறவும் நட்பும் பகையும் கண்ட மொழி இது! நாகசுரக்காரரின் அருகே நின்று ஒரே ஒலியை இடைவிடாது ஊதும் கருவிக்கு இன்றும் 'ஒத்து' என்றுதான் பெயர். கற்றவன் மறந்ததைக் கலைஞன் காத்தான் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

இதனைச் சொன்னவுடன் மறுப்புரைக்கச் சிலர் வருவர். 'இவை நேற்றுக் கட்டிய சொற்கள்' என்பர் ஒரு சாரார். சிலப்பதிகாரமும், அதன் அரும்பத உரையும், அடியார்க்குநல்லார் உரையும், திவாகரமும், பிங்கலமும் நேற்றைய நூல்களா? எழுத்து தன் அளவைக் கடந்து நீண்டு ஒலிப்பது இசைநூலுக்குரிய செய்தி என்று தொல்காப்பியமே சொல்லிச் செல்கின்றதே!

'ஏழு எழுத்துகளை வைத்துப் பாடுவதற்கு என் செய்வது?' என்பர் வேறு சிலர். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெடில்களையே ஏழிசைக்கு எழுத்தாகக் காட்டுகின்றது திவாகரம். வாய் திறந்து பாடுவதற்கு நெடிலைக் காட்டிலும் ஏற்ற ஒலி வேறு எது?

'உலகம் முழுவதும் ஒரே பெயர் வழங்கும் போது நமக்கு மட்டும் தனிப்பெயர் எதற்கு?' என்பர் மூன்றாம் சாரார். இஃது அறியாமையிற் பிறந்த கூற்று. ஆங்கிலேயன் எழுத்துகளால் அழைக்கும் ஒலிகளை இத்தாலியனும் பிரெஞ்சுக்காரனும் தோ, ரே, மீ என்கின்றனர். அவ்வசைகளுட் பல பதினோராம் நூற்றாண்டில் கீதோ என்னும் இத்தாலியத் துறவி, ஓர் இலத்தீன் வழிபாட்டுப் பாடலின் அடிமுதல்களினின்று எடுத்தவை. ஆங்கிலேயன் 'பி' என்னும் ஒலியைச் செருமானியன் 'எச்' என்கின்றான். அவர்கள் இசை அதனாற் கெட்டதா? ஒலி உலகிற்குப் பொது. பெயர் அவரவர் மொழிக்கு உரிமை.

எல்லையோரத்துப் பிள்ளைக்கு மற்றொரு மயக்கமும் நேர்கின்றது. 'கருநாடக இசை' என்னும் பெயரைக் கேட்கும் அவன், அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வந்த சரக்கு அஃது என்று எண்ணிவிடுகின்றான். அம்மாநிலம் 1973 வரை மைசூர் என்றே வழங்கப்பட்டது. இசையின் பெயரோ அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. பெயரை வைத்துப் பிறப்பிடம் கணித்தல் பிழை.

அதற்காகக் கன்னடர்மீது நாம் சினம் கொள்ள வேண்டுவதில்லை. அவர்களிடம் கற்க வேண்டியதே உண்டு. பதினாறாம் நூற்றாண்டிற் புரந்தரதாசர் தம் மக்கள் மொழியிற் பாடினார். அவர் மக்கள் இன்றும் அவற்றைத் தம் மொழியிற் பாடுகின்றனர். தெலுங்கர்க்குத் தியாகராசர் தெலுங்கிற் பாடினார்; அவர்கள் பொருளுணர்ந்து உருகுகின்றனர். தமிழர்க்கும் முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழிற் பாடினர். அவரவர் பிள்ளை அவரவர் மொழியிற் பாட, நம் பிள்ளை மட்டும் ஏன் பொருள் விளங்காமல் வாயசைக்க வேண்டும்? மானமுள்ள அண்டை வீட்டானைப் பார்த்தேனும் நமக்கு மானம் வரவேண்டாவா?

நம் முன்னோர் வாளா இருந்தாரல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் தம் பெருநூலை வெளியிட்டார். 'கருணாமிர்த சாகரம்' என்னும் அதன் பெயர் வடமொழி. அதன் உள்ளமோ தமிழ். விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார் இந்தியைப் பள்ளிகளிற் கட்டாயமாக்கியவர். அவரே தமிழிசைக்கு ஆதரவாக நின்றார் என்றால், அக்கோரிக்கையின் நேர்மைக்கு வேறு சான்று வேண்டுமா? வீ. ப. கா. சுந்தரனார் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக ஆக்கித் தந்தார். அறிஞர் கடமையை முடித்துவிட்டனர். அவர் திரட்டிய செல்வம் நூலகத்தின் அடுக்கில் இருக்கின்றது; தொடக்கப் பிள்ளையின் ஏட்டிற்கு வந்து சேரவில்லை. இடைவெளி அங்கேதான் உள்ளது. வேலையும் அங்கேதான் உள்ளது.

ஆகவே, தமிழ அன்பர்களே! இசை கற்பிப்போர் முதல் நாளில் முதல் வரியாகக் குரல் முதல் தாரம் வரை ஏழு பெயரையும் எழுதிக் கொடுத்து, அவை பிறக்கும் முறையைக் கட்டையில் அழுத்திக் காட்டுக. பிற பெயர்களை அதன் பின்னர் அடைப்புக்குள் வைத்துச் சொல்லுக. அவற்றை அறிதல் குற்றமன்று, அவற்றையே அறிதல்தான் குற்றம். பெற்றோர் தம் பிள்ளையின் ஏட்டைத் திறந்து பார்த்து, 'இதன் தமிழ்ப்பெயர் யாது?' என்று ஆசிரியரை அஞ்சாமற் கேட்க. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் பாட நூல்களிலும் வினாத்தாள்களிலும் இப்பெயர்களே முன் நிற்குமாறு அரசை நெருக்குவோம். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் சூளகிரியிலும் வேப்பனப்பள்ளியிலும் உள்ள நம் தோழர்கள் ஏழிசைப் பெயரும் ஏழு பாலையும் பொறித்த ஒற்றைத் தாளொன்றை அச்சிட்டு, இசை வகுப்பு நடக்கும் இடந்தோறும் கொண்டுபோய்க் கொடுக்க. இதற்குப் பெரும்பணம் வேண்டா, மனம் வேண்டும்.

நிலத்தின் எல்லையைக் கல் நட்டுக் காக்கலாம். மொழியின் எல்லைக்குக் கல் இல்லை, வாயே எல்லை. எல்லையோரத்துப் பிள்ளையின் வாயில் குரலும் இளியும் ஒலிக்கும் நாளில் அவ்வெல்லை நிலைபெறும். அந்நாளை நாமே ஆக்குவோம்!