செத்த காலேஜும் நொய்யல் கரையும்

பொருட்காட்சிசாலை என்றவுடனே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. சென்னைப் பட்டணத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே "செத்த காலேஜ்" அல்லவா? அந்தப் பெயர் வந்த கதை சுவையானது. 1851-ம் வருஷத்தில் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், இலக்கியச் சங்கத்தார் கொடுத்த 1,100 கல், தாது மாதிரிகளோடு அந்தச் சாலை ஆரம்பமாயிற்று. முதல் அதிகாரி டாக்டர் எட்வர்ட் பால்பர். கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? பால்பர் கெட்டிக்காரர். ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் கொண்டுவந்து கட்டினார், கூட்டம் பெருகிற்று. அதிலிருந்தே பின்னர் மிருகக்காட்சிசாலை பிரிந்து வளர்ந்தது. அது "உயிர் காலேஜ்" ஆகவே, பாடம் செய்த பிராணிகளும் கற்சிலைகளும் நிறைந்த பழைய சாலை "செத்த காலேஜ்" ஆகிவிட்டது.

பட்டணத்துக் கதை திருப்பூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தச் செத்த காலேஜில் நம்முடைய சொத்து கொஞ்சம் இருக்கிறது என்பதற்காகத்தான்.

1913-ல் காங்கயம் பக்கத்திலுள்ள கத்தாங்கண்ணியில் ரோமாபுரி வெள்ளி நாணயங்கள் 233 கிடைத்தன. 1946-ல் உடுமலைப்பேட்டைக்கு அருகே பூதிநத்தத்தில் 1,398 கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற சக்கரவர்த்திகளின் தலை பொறித்த காசுகள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாக இத்தகைய காசுகள் சென்னைக்குப் பிரயாணமாயின. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே கடல் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கு வந்தவை, மறுபடியும் ரயிலேறிப் போய்விட்டன!

அவை இங்கே ஏன் வந்தன என்பதுதான் கேள்வி. காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் கடல் நிறப் பச்சைக்கல் விளைந்தது. 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் தோண்டி 2,196 கற்களை எடுத்தார். அவற்றின் மதிப்பு 1,201 பவுன். அவருக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிச் சீமாட்டிகள் இந்தியப் பெரிலுக்காக ஆசைப்பட்டார்கள். திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து "கொடுமணம்" என்று கூறும் ஊர் இதுவே என்பது அறிஞர் துணிபு. 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் முதலானோர் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். கல்லை அறுத்து மணி செய்த பட்டறை, இரும்பும் உருக்கும் காய்ச்சிய உலை, தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியவற்றோடு நூல் நூற்கும் தக்களியின் வட்டுகளும் கிடைத்தன. அந்தக் காலத்திலேயே நொய்யல் கரை ஒரு தொழில் ஊர். நூல் சுற்றிய ஊர்.

இப்படிப்பட்ட பொருள்களைத் தலைநகரிலேயே குவிக்க வேண்டாம், ஜில்லாவுக்கு ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணம் மெதுவாகவே பிறந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தார் 1910-லேயே தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஸர்க்கார் வெகுகாலம் கழித்துத்தான் விழித்துக்கொண்டது. கொங்கு நாட்டில் ஈரோட்டுப் பொருட்காட்சிசாலை ஏற்பட்டது 1987-ல். திருப்பூர் ஜில்லாவோ 2009-ல் கோயமுத்தூர், ஈரோடு ஜில்லாக்களைப் பிரித்து உண்டாக்கப்பட்டது. பாகப்பிரிவினையில் நிலம் வந்தது. பெட்டிச் சாமான் பழைய வீடுகளிலேயே தங்கிவிட்டது. 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கீழடியில் திறந்த சாலையைப் பாருங்கள். தோண்டிய மண்ணின் பக்கத்திலேயே பானையை வைத்ததும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். புலிக்குட்டி எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது ரோமாபுரிக் காசுக்காக அல்ல. அதைக் காக்கச் சட்டம் இருக்கிறது. பனியன் யந்திரத்தைக் காக்க என்ன இருக்கிறது? 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக ஒரு பொருளுக்கு நூறு வயது நிறைந்தால்தான் அது தொல்பொருள். திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியது 1925-ல். ஆகவே முதன்முதல் வந்த கைச்சுற்று யந்திரம் 2025-ல்தான் அந்த மரியாதைக்கு உரியதாயிற்று. நடுவிலே நூறு வருஷம் அதற்கு மதிப்பிட்டவர் காயலான் கடைக்காரர் ஒருவரே. புது யந்திரம் வாசலில் இறங்கும்போது பழையது தராசில் ஏறுகிறது; ஊசிகள் பதித்த வட்ட உருளையும் இரும்பு விலைக்கே போகிறது.

இதே நெசவுத் தொழில் நடத்தும் ஆமதாபாத்தில் என்ன செய்தார்கள்? கலாயோகி ஆனந்த குமாரசாமியின் யோசனையை ஏற்று, சாராபாய் குடும்பத்தார் 1949-ல் காலிகோ ஆடைக் காட்சிசாலையை நிறுவினார்கள். ஆலைக்காரர்களே முன்வந்து செய்த காரியம் அது. யந்திரத் துணியால் பிழைத்தவர்கள் கைத்துணியின் நேர்த்தியைப் போற்றி வைத்தார்கள். நம் பனியன் முதலாளிகளுக்கும் பணத்துக்குக் குறைவில்லை; இடத்துக்கும் குறைவில்லை. காலி கிடங்கு ஒன்று போதும்.

அங்கே என்ன வைப்பது? அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இருந்த நாளின் ராட்டையும் கதர்த் துண்டும் வைக்கலாம். 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனை அறிந்த ஊரில், கதர் வெறும் துணியல்ல. பிறகு கைச்சுற்று யந்திரம், முதல் ஏற்றுமதிச் சரக்கின் மாதிரிச் சட்டை, வாரக் கூலி எழுதிய நோட்டுப் புத்தகம்.

இன்னொன்றையும் வைக்க வேண்டும். முதலாளிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். சாயக் கழிவு கலந்த நொய்யல் தண்ணீர் ஒரு சீசா. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கி நின்றதையும், அணைக்குக் கீழே உள்ள குடியானவர்கள் வயல் பாழாய்ப் போய் வழக்குத் தொடுத்ததையும், 2011-ல் ஹைகோர்ட்டார் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பக்கத்திலே எழுதிவைக்க வேண்டும். கொடுமணல் மணிகளைச் செய்தவர்கள் குடித்ததும் அந்த ஆற்று நீர்தானே!

யந்திரத்தை யாரேனும் தேடிப் பிடித்துவிடலாம். அதில் நூல் அறுந்தால் எந்த ஊசியைத் தள்ளி எப்படிக் கோத்துவிடுவது என்று தெரிந்த கிழவர்கள் சிலர், இன்றும் ஏதோ ஒரு சந்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். சாமானைச் சேர்ப்பதற்கு முன்னே அவர்கள் வீட்டுக்குப் போய்வருவது நல்லது.