நோட்டீசுக்கும் ஒரு பீரோ வேண்டும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புத்தகங்கள் மட்டும் போதாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் அப்படி யாரும் அனுப்புவதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு அவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரமே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பழைய நாடக நோட்டீஸ் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள்: நடிகர் பெயர், கொட்டகை இருந்த இடம், தரை டிக்கெட் விலை, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். மாவட்ட கெசட்டியர் மழையளவையும் நிலவரியையும் சொல்லும். ஊர் மாலையில் எங்கே கூடியது என்பதை இந்தத் தாள்தான் சொல்கிறது.

விளம்பரம் மிகைப்படுத்தும் என்பார்கள். நடிப்பைப் புகழ்வதில் மிகை இருக்கலாம். தேதியையும் கட்டணத்தையும் தவறாக அச்சிட்டு யாரும் நாடகம் நடத்த முடியாது. மாவட்ட நூலகங்களும் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்றால், அங்கே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கே நாற்காலி இல்லையே என்பார்கள். அது நியாயமான கேள்வி, அந்தக் குறை தீரத்தான் வேண்டும். ஆனால் நோட்டீசுகளைச் சேர்க்கத் தொடங்க ஓர் இரும்பு பீரோ போதும். மாவட்ட மைய நூலகங்கள் முதலில் போக வேண்டியது பழைய அச்சகங்களுக்கு. கடையை மூடுகிறவர்கள் மாதிரித் தாள்களை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.